வரப்புக்கு மேல் நின்ற பழம்

நெருப்பில் வெந்த எதற்கும் தீட்டு இல்லை என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கணவனை இழந்தவள் ஆக்கிய சோற்றை நல்ல நாளில் உண்ணலாம்; அவள் சுட்ட பலகாரத்தைச் சாமி முன்னால் வைக்கலாம். ஆனால் பூத்தொடுப்பதும் சந்தனம் கரைப்பதும் சீர்த்தட்டு அடுக்குவதும் நெருப்பைக் காணாத வேலைகள். அவற்றுக்கு வேறு கைகள் வேண்டும். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். நீ இதை நம்புகிறாயா என்று எவரேனும் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணி நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். அங்கே கேக் பிரிவிலிருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் அவருக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்திருந்தார். வெளிநாட்டவர் வருவது நின்றுபோன காலத்தில் ஹோட்டலும் ஆட்களை நிறுத்தியது. அண்ணி ஒரு சிறிய மின்சார அடுப்பை வாங்கி, வட்டகொடைக்கு மேலே உள்ள தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், எங்கள் பழைய வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கினார். பிறந்தநாள், சடங்கு, கல்யாணம் என்று பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். வேறு வருமானம் அவருக்கு இல்லை. ஒருவர் வீட்டில் தின்றவர் இன்னொருவருக்குச் சொல்வதுதான் அந்தத் தொழிலின் முதல்.

என் மகள் பெரியபிள்ளையானபோது, சடங்குக்கு நான்கு அடுக்குக் கேக் தானே செய்து தருவதாக அண்ணி சொன்னார். நடுவில் ஸ்ட்ரோபெரிப் பழக்கூழ், வெளியே வெள்ளை ஐசிங். "என் மருமகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? நீங்க சும்மா இருங்க டீச்சரம்மா" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கேலி.

அம்மா என்னைத் தனியே அழைத்தாள். "சுட்டுக் குடுக்கட்டும். அடுக்கறத நீ பாத்துக்க" என்றாள்.

"அவங்க மாதிரி எனக்கு வராதும்மா."

"வராட்டி என்ன? ஒம் மகளுக்கு நல்லது நடக்கணுமா, கேக்கு அழகா இருக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குப் படிப்பு இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை பின்னேரம் அண்ணி நான்கு அடுக்குகளையும் கூடையில் சுமந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். உடன் ஒரு சட்டி பழக்கூழும், ஒரு கிண்ணம் ஐசிங்கும், ஒரு சாண் நீளமுள்ள மூங்கில் குச்சியும் இருந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் வரப்போனவரிடம், "நாள் முழுக்க நின்னிருப்பீங்க அண்ணி, களைச்சுப் போயிருப்பீங்க. சொல்லித் தாங்க, நானே அடுக்கிக்கிறேன்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற அம்மாவையும் பார்த்தார். இடுப்பில் செருகிய தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே சொல்லித் தந்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்லித் தந்ததுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

"மேடா இருந்ததையெல்லாம் நூல் போட்டு அறுத்து மட்டமாக்கிட்டேன். நீங்க ஒண்ணும் வெட்ட வேணாம். மொதல் அடுக்கு மேல ஓரத்தச் சுத்தி ஐசிங்கால வரப்பு கட்டுங்க, லீக்ஸ் பாத்திக்குக் கட்டுற மாதிரி. ஒரு விரல் ஒசரம். பழம் அந்த வரப்புக்கு ஒரு நூல் கீழதான் நிக்கணும். ஆசப்பட்டு அள்ளி ஊத்திராதீங்க. மேல பாரம் ஏறுனா அது வழி தேடும்."

"சரி அண்ணி."

"ஒவ்வொரு அடுக்கும் வெச்சு அர மணி நேரம் சன்னலோரம் விடுங்க. நம்ம ஊரு குளிருக்கு பிரிட்ஜே வேணாம். கடைசி அடுக்கத் தலகீழா வைங்க, அடிப்பக்கம் மேல வரணும். அப்புறம் இந்தக் குச்சிய நடுவுல மேலேருந்து அடிவரைக்கும் இறக்கிருங்க. குச்சி இல்லாம ரோட்டுல ஏத்தாதீங்க, நம்ம ரோட்டப் பத்தித் தெரியுமில்ல? இன்னைக்கே அடுக்கிருங்க. விடியறதுக்குள்ள எல்லாம் இறுகி ஒண்ணாயிரும்."

அன்று நான் அடுக்கவில்லை. ராகலையிலிருந்து கணவர் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். சமையலறையில் ஓயாத நடமாட்டம். டீச்சர் ஏன் கேக் அடுக்குகிறாள், அண்ணி எங்கே என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் நான் என் வாயால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சியே தள்ளிப்போட்டேன்.

ஞாயிறு விடிந்ததும், வந்தவர்கள் குளித்துப் புறப்படும் ஆரவாரத்தில், அம்மாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டோம். கணவர் தோட்டத்து வாசகசாலை மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டப் போயிருந்தார். மகளை உள்ளறையில் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். இரவுக் குளிரில் ஐசிங் கல்லாக இறுகியிருந்தது. கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளக்கினேன். அது அளவுக்கு மீறி இளகிவிட்டது. அதைக்கொண்டே வரப்பு கட்டினேன். பழக்கூழை ஊற்றும்போது, மகளுக்குப் பிடித்ததாயிற்றே என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். பழம் வரப்புக்கு மேல் பளபளத்து நின்றது. அரை மணி நேரம் காத்திருக்க நேரமில்லை. நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் ஏற்றினேன்.

குச்சியைக் கையில் எடுத்தபோது அம்மா தடுத்தாள். "மூங்கிலா? அத எதுக்குக் கட்டுவாங்கன்னு தெரியாதா? நல்ல காரியத்துல பாடைக் குச்சியக் கொண்டாந்து குத்துறாளே ஒங்க அண்ணி!"

நான் குச்சியை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அண்ணியின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"எல்லாம் இறுகிருச்சா டீச்சரம்மா? குச்சி இறக்கிட்டீங்களா?"

"ம்" என்றேன். அது ஓர் எழுத்து. பொய்க்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆட்டோவில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மதகைத் தாண்டும்போது ஒரு குலுக்கல். மண்டபத்தில் இறக்கியபோது மேலடுக்கு ஒரு பக்கமாக இரண்டு விரல் நகர்ந்திருந்தது. ஐசிங்கைத் தடவி மறைத்தேன். வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே சனக் கூட்டமும் வீடியோக்காரரின் விளக்கும் சேர்ந்து வெக்கையாக இருந்தது. மகள் கத்தியைத் தொட்டதும் பக்கவாட்டில் சிவப்பு கசிந்தது. பிறகு மேலடுக்கு, யாரோ மெல்ல இழுத்ததைப் போல நகர்ந்து, வெள்ளை விரிப்பில் கவிழ்ந்தது.

மகள் சிரித்துவிட்டாள். விரலில் பட்டதை நக்கிப் பார்த்து, "ஆனா ருசியா இருக்கும்மா!" என்றாள்.

அவளோடு சேர்ந்து மற்றவர்களும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கணவரின் அக்கா, "யாரு செஞ்ச கேக்கு இது?" என்று கேட்டார். அம்மா சிந்திய ஐசிங்கை வழிக்கக் குனிந்தாள். முன்வரிசையில் ஒருத்தி, "அவங்க அண்ணிதான், கேக்கு போடுவாங்கல்ல, அவங்க" என்றாள்.

"அதானே பாத்தேன். எதுல எந்தக் கை படணும்னு ஒரு மொற இல்லையா? படிச்சவ வீட்டுலயே இப்படியா?" என்றார் கணவரின் அக்கா.

எல்லோரும் கடைசி வாங்குப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி அங்கே, தண்ணீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வேறு யாரையும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இதை அடுக்கியது நான்' என்பது மூன்றே சொல். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் எழுகின்ற குரல் எனக்கு உண்டு. நான் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி எழுந்து மேசை வரை வந்தார். நீட்டப்போன கையைப் பாதியில் மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார். "கரண்டியால அள்ளிக் கோப்பையில போட்டுக் குடுத்திருங்க டீச்சரம்மா. பிள்ளைங்க அப்படியே தின்னுருவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிள்ளைகள் அப்படியே தின்றார்கள். ஒரு கோப்பைகூட மிஞ்சவில்லை.

அந்த மாதமே கல்யாணக் கேக் இரண்டும் சடங்குக் கேக் ஒன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கேக் சரிந்ததற்காக யாரும் நிறுத்தவில்லை. கேக் சரிவது எங்கும் நடப்பதுதான். இன்னொரு முறை கவனமாக இருக்கலாம். கணவனை இழந்த அண்ணியின் கை பட்டதால்தான் என்று அவர்கள் நினைத்ததற்கு அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இரண்டு மாதங்கள் கழித்துத்தான் லயத்துக்குப் போனேன். மின்சார அடுப்பின் மேல் துணி போர்த்தியிருந்தது. தேநீர் வந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குச்சியை இறக்கவில்லை என்றேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "கவுந்து கெடந்ததப் பாத்தேன்ல. நடுவுல ஓட்டையே இல்ல. பழமும் வரப்புக்கு மேல."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றேம்பாங்க. நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை. மா சலிக்கும் அரிப்பில் ஒட்டியிருந்ததைத் தட்டிக்கொண்டே சொன்னார். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

இனியாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். "இனி எதுக்கு? ஒங்க மாமியார் வீட்டுல ஒங்களத்தான் ஏசுவாங்க" என்றார். அவர் என்னைக் காத்தார் என்று அன்று எண்ணிக்கொண்டேன். என் வார்த்தையை அவர் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார் என்பதே சரி. நானும் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவர் நானுஓயாவில் ரயில் ஏறிக் கொழும்புக்கு, ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனார். அங்கே எல்லாம் நெருப்பில் வேகும் சமையல்.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். அத்தை செய்த கேக்கில் அந்த ஒன்றுதான் சரிந்தது என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வாள். ருசியைப் பற்றியும் தவறாமல் சொல்வாள். இதை வாசிக்கும் வரை அவளுக்கும் தெரியாது. மூங்கில் குச்சி என் அலுமாரித் தட்டில் இன்னும் கிடக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் எடுத்து, அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

அந்தக் கேக்கை யார் அடுக்கியது என்பதை அறிந்தவர்கள் மூன்று பேர். அம்மா சென்ற மழைக்காலத்தில் போய்விட்டாள். அண்ணியும் நானும் இருக்கிறோம்.