எஸ்.ஐ. மேடத்திடம் மைக்கைக் கொடுத்தேன்

தாம்பரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். போலீசைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

போன ஆடி மாதம் ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பெண் எஸ்.ஐ. ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி, கையை ஆட்டி ஏதோ சொன்னார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

“வருஷா வருஷம் நம்ம திருவிழான்னா வந்துட்றாங்கப்பா” என்று பையன்கள் ஜீப்பைச் சூழ்ந்தார்கள். “அண்ணா, நிறுத்தாத, இன்னும் ஏத்து” என்றான் ஒருவன். கூட வந்த கான்ஸ்டபிள் என் ஆம்ப்ளிஃபயரைத் தூக்க வந்தார். அது போனால் எனக்குப் பிழைப்பு இல்லை. வாய் திறக்க முடியாமல், பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எஸ்.ஐ.யிடம் நீட்டினேன்.

“பின்னாடி வீட்ல ஆபரேஷன் பண்ணவங்க படுத்திருக்காங்க. பாட்டு போடுங்க, வேணாங்கல. அந்தக் குழாய் ஸ்பீக்கரை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க” என்றார்.

“இத்தான் சொன்னீங்களா மேடம்? நாங்க இன்னாவோ நெனச்சிக்கினோம்” என்றார் விழா நடத்தியவர். பையன்களே ஏணி போட்டு ஏறித் திருப்பினார்கள்.

இப்போது ஸ்பீக்கர் கட்டும் முன்பே அக்கம்பக்கத்து வீடுகளில் உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கு முந்தின நாளே ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்கிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன்.