கோலே போடாமல் பைனலுக்கு வந்த அணி

விசில் ஊதுகிற பிழைப்பில் ஒரு வசதி உண்டு: தோற்றவன் திட்டுவான், ஜெயித்தவன் மறந்துவிடுவான், நன்றி சொல்லித் தொந்தரவு செய்ய ஒருவரும் வர மாட்டார்கள். வார நாட்களில் நான் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் வட்டார நாக்-அவுட் கால்பந்துப் போட்டிக்கு ரெஃப்ரி. பக்கத்து வீட்டுக் கேரம் ஆட்டத்துக்காவது நீங்கள் ஒருநாள் நடுவராக உட்கார்ந்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எண்பதுகளின் கடைசியில் நடந்த ஒரு சீசனை எங்கள் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பூவா தலையா

ஊரப்பாக்கம் அணி பதினோரு வருடமாக முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போகிற அணி. கேப்டன் ஸ்டீபன், ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கோல் கீப்பர் முனுசாமி, தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவர். அந்த வருடம் ஸ்டீபன் ஒரு புது உத்தி கண்டுபிடித்தார். தன்னைத் தவிர எல்லோரையும் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார். எதிரணி அடித்ததெல்லாம் யாராவது ஒருவர் முதுகில் பட்டுத் திரும்பியது.

முதல் சுற்று ஆட்டம் சைபருக்குச் சைபர். எக்ஸ்ட்ரா டைமிலும் அதேதான். பெனால்டி அடித்து முடிவு செய்கிற வழக்கம் எங்கள் பக்கம் அப்போது வரவில்லை; வெளிச்சம் குறைந்தால் டாஸ். சுண்டினேன். ஸ்டீபன் தலை கேட்டார், தலை விழுந்தது. முனுசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாங்க ஆடி இன்னா கீது சார், நீ சுண்டுன பாரு, அதான் ஆட்டம்."

வேறு காசு

அடுத்த சுற்றில் கேளம்பாக்கம். மறுபடியும் சைபருக்குச் சைபர், மறுபடியும் டாஸ். கேளம்பாக்கம் மேனேஜர் என் காசை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார், கடித்தும் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து, இதைச் சுண்டுங்கள் என்றார். சுண்டினேன். அதுவும் ஸ்டீபன் பக்கம்தான் விழுந்தது.

நான் கிளம்பும்வரை மேனேஜர் என்னை விடவில்லை. ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஒரு கோல் கூட போடாதவன மேல அனுப்புறீங்களே சார், நாங்களும்தான் போடல, எங்கள ஏன் அனுப்பல?"

ஸ்டாஃப் ரூம் கேள்வி

அரையிறுதியும் அப்படியே முடிந்தது. எதிரணியின் பந்து மூன்று தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டு தடவை முனுசாமியின் முகத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடியும் தலை. ஊரப்பாக்கம் பைனலுக்கு வந்துவிட்டது. லாரியில் நின்றபடி தாரை தப்பட்டையோடு போனார்கள்.

ஸ்டீபன் மட்டும் லாரியில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் என்னோடு நின்றார். முட்டி போய்விட்டது, இதுதான் கடைசி சீசன் என்றார். மனுஷன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். ஏன் என்று கேட்டேன்.

"திங்கக்கிழமையானா ஹெட்மிஸ்ட்ரஸ் எத்தனை கோல்னு கேக்குறாங்க சார், பதினோரு வருஷமா சைபர்னே சொல்லிட்டு இருக்கேன், பைனல்ல தோத்தாலும் பரவாயில்ல, ஒரே ஒரு கோல் போட்டாப் போதும்."

சீஃப் கெஸ்ட் வந்தார்

எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு மணி பைனலுக்குச் சீஃப் கெஸ்ட் ஐந்தரைக்கு வருவார். அவர் வந்ததும் போட்டிச் செயலாளர் துண்டை ஆட்டுவார். பந்து எங்கே இருந்தாலும் நான் விசில் ஊத வேண்டும். இரண்டு அணியும் வரிசையில் நிற்கும்; கைகுலுக்கல், போட்டோ, பிறகு விட்ட இடத்திலிருந்து ஆட்டம். காக்க வைத்தால் மனிதர் கோபித்துக்கொள்வார், அடுத்த வருடம் கோப்பை கொடுக்க ஆள் கிடைக்காது.

பைனலின் இரண்டாம் பாதி. சைபருக்குச் சைபர். முனுசாமி உதைத்த பந்து எல்லோரையும் தாண்டி வந்து ஸ்டீபன் காலில் விழுந்தது. எதிரே கீப்பர் மட்டும்தான். நொண்டிக்கொண்டே ஓடினார், கீப்பரைச் சுற்றிப் போனார், காலை ஓங்கினார். என் கண்ணோரத்தில் துண்டு ஆடியது. பழக்க தோஷம், ஊதிவிட்டேன். அடுத்த நொடி பந்து வலைக்குள் இருந்தது.

விசிலுக்குப் பிறகு போனால் கோல் இல்லை. விதி அதுதான். கையை ஆட்டி இல்லை என்றேன். ஊரப்பாக்கத்துக்காரர்கள் என்னை நெருங்கினார்கள், ஸ்டீபன்தான் விலக்கி வரிசையில் நிறுத்தினார். கையில் மாலையோடு வந்த சீஃப் கெஸ்ட் அவர் தோளைத் தட்டி, கார்லேர்ந்து இறங்கும்போதே பார்த்தேன், அருமையான கோல் என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

பிறகு யாரும் கோல் போடவில்லை. டாஸ் போட்டோம். அன்றைக்கு மட்டும் பூ விழுந்தது. எதிரணி கோப்பையோடு போன பிறகு ஸ்டீபன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விசில் முன்னாடியா, பந்து முன்னாடியா என்று கேட்டார். விசில்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப சரிதான் சார், ஆனா நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா ஒண்ணுன்னுதான் சொல்லப் போறேன், நீங்க மட்டும் அந்த ஸ்கூல் பக்கம் வந்துடாதீங்க."

இத்தனை வருட ரெஃப்ரி வாழ்க்கையில் துளிகூடப் பிசகாமல் விதிப்படி நான் கொடுத்த தீர்ப்பு அது ஒன்றுதான், அதனால்தான் ரயில் ஊரப்பாக்கத்தில் நிற்கும்போதெல்லாம் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறேன்.