லாப்டாப்பின் நெற்றியில் சந்தனம்

எங்கள் வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதைக் கெடுத்தது யார் என்பது முதலில் முடிவாகும். என்ன கோளாறு என்பதைப் பிறகுதான் பார்ப்பார்கள். மிக்ஸி என்றால் அம்மா. டிவியில் படம் ஆடினால் ஆன்டெனாவில் உட்கார்ந்த காக்கை. மற்ற எல்லாவற்றுக்கும் நான். தீர்ப்புச் சொல்கிறவர் அப்பா. அவர் கத்தமாட்டார், அடிக்கவும் மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்துக்கொண்டே, நாமாகச் சொல்லும்வரை காத்திருப்பார். அதற்கு முதுகில் இரண்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தார். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளே மூன்றோ நாலோதான். லாப்டாப்பை யாரும் கண்ணால் கண்டதில்லை. சித்தப்பா கொண்டுவந்தது கறுப்பாக, பஞ்சாங்கங்களை அடுக்கிக் கட்டியது மாதிரி தடியாக இருந்தது. ஒன்றரை மாத லீவு, ஆனால் முழு லீவு இல்லை, இங்கிருந்தே ஆபீஸ் வேலையைச் செய்து டெலிபோன் வழியாக அனுப்பிவிடலாம் என்றார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நிற்கிறவர்களிடம்கூட, என் தம்பி ஸ்ரீவராகத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கா வேலையைப் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு வருவார். பிள்ளையாரிடமும் சொல்லியிருப்பார்.

சித்தப்பா மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார். என்னை மட்டும் உள்ளே விடுவார். ஒருநாள் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். திரையும் கீழ்ப்பாகமும் சேருகிற இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை விரலால் அமுக்கினால் திரை இருண்டுவிடும், விரலை எடுத்தால் வெளிச்சம் வந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணைகிறதல்லவா, அதே சமாசாரம்தான், மூடியை மூடிவிட்டார்கள் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும் என்றார். நான் இருபது தடவையாவது அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பேன். இவ்வளவு பெரிய மெஷினை இந்தப் பருப்பு ஏமாற்றிவிடுகிறதே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

நவராத்திரி வந்தது. திருவனந்தபுரத்தில் அதற்குப் பூஜை வைப்பு என்று ஒரு வழக்கம். அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதியின் முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடிந்து எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது, ஒரு வரி படிக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எந்தத் தெய்வமும் இதைவிடப் பெரிய வரம் கொடுத்ததில்லை. அந்த அஷ்டமியன்று சித்தப்பா தாமாகவே லாப்டாப்பைக் கீழே கொண்டுவந்து என் கணக்குப் புஸ்தகத்தின் பக்கத்தில் வைத்தார். அப்பாதான் தயங்கினார், ஆபீஸ் காரியம் நின்றுபோகாதா என்று கேட்டார். ரெண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றார் சித்தப்பா. அமெரிக்கா போயும் பிள்ளைக்கு ஆசாரம் போகவில்லை என்று அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாமான்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, அரிவாள்மணை, வாசலில் நின்ற ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு லாப்டாப்புக்கு வந்தேன். மூடிமேல் மூன்று பொட்டு வைத்தேன். திருப்தியாகவில்லை. நெற்றி என்று ஒன்று வேண்டாமா? யாரும் பார்க்காதபோது மூடியைத் திறந்து, அந்தப் பொத்தான்மேல் கட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து மூடினேன். அன்று நான் வைத்த பொட்டுகளிலேயே அதுதான் அழகு.

விஜயதசமி காலையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, சித்தப்பா ஈரத்துணியால் மேலேயும் உள்ளேயும் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விர்ரென்று சத்தம் கேட்டது. வழக்கமாகப் பாடும் வரவேற்புப் பாட்டையும் பாடியது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

அணைத்துப் போட்டார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணா வந்து, வெளிச்சத்தைக் கூட்டும் என்று கீபோர்டில் இரண்டு கீகளைச் சேர்த்துப் பத்துத் தடவை அழுத்திவிட்டு, உயிர் இருக்கிறது, பார்வைதான் இல்லை என்றார். மழைக்காலத்து ஈரம் ஏறியிருக்கும் என்பது அப்பாவின் அபிப்பிராயம். மத்தியானம் முழுக்க டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகச் சுழலவிட்டார். வீட்டில் மனிதர்களுக்குக் காற்றில்லை. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்தது துணியோடு போய்விட்டது. பள்ளத்துக்குள் போனது இரண்டு நாளில் கல்லாக இறுகிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. போய்ச் சுரண்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அதற்குள் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பூஜைல இருந்தப்போ யாராவது தொட்டேளா?"

நான் சரஸ்வதியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா விசாரித்தார். மாதக் கடைசிக்குள் அனுப்பவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்றார் சித்தப்பா. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்றார் அப்பா. சித்தப்பா அப்பளத்தை நொறுக்கியபடியே, வேலைக்கே ஆபத்துதான் என்றார். மறுநாள் அம்மா லாப்டாப்புக்காகப் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்தாள். நான் என் பங்குக்கு மனசுக்குள் பதினொன்று வேண்டிக்கொண்டேன். அத்தனை தேங்காயை யாரிடம் கேட்டு வாங்குவது என்று யோசிக்கவில்லை.

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் அப்பா ஆபீஸில் இருந்தபோது மாடிக்கு ஓடினேன். சித்தப்பா படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சித்தப்பா. அந்தப் பொத்தான்ல சந்தனம் வெச்சுட்டேன்."

அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"தெரியும்டி. அன்னிக்கே தெரியும்."

பிறகு மெதுவாக எழுந்து, என் பாவாடை இடுப்பில் இருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினார். லாப்டாப்பைத் திறந்து பள்ளத்தில் ஊக்கு முனையால் நாலு கீறு கீறி ஊதினார். பொத்தான் டக்கென்று மேலே வந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. எல்லாம் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஐந்து நாள் இருந்திருக்கிறாரே! அப்படி ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் ஏதோ கடிதத்தைத் திறந்தார். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற கர்வத்தில் எட்டிப் படித்தேன். டியர் சார் என்று தொடங்கியது. அதை அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறந்தார், அதிலும் டியர் சார், அதே வரிகள், கம்பெனியின் பெயர் மட்டும் வேறு. இப்படி ஏழெட்டு. இத்தனை கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்றால் சித்தப்பா எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருக்கவேண்டும் என்று மலைத்துப்போனேன்.

நாலு மணிக்கு டெலிபோன் வயரைப் பிடுங்கிவிட்டு, பூஜையறையிலிருந்து கொஞ்சம் சந்தனம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். கோயில் நம்பூதிரி வைப்பது மாதிரி அத்தனை பதவிசாகத் தம் விரலாலேயே அதைப் பொத்தான்மேல் வைத்து அழுத்தி மூடியைச் சாத்தினார்.

"உங்கப்பாவுக்குத் தெரியவேண்டாம், கேட்டோ?"

நான் தலையாட்டினேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆட்டினேன்.

மறுநாள் அப்பா தம்பானூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். கெட்டிக்கார மனிதர். விளக்கை அணைக்கச் சொல்லி, கறுத்த திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தது. படம் வருகிறது, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற பாகம்தான் போயிருக்கிறது, பெங்களூரிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்று மலையாளத்தில் விளக்கினார். அதுவரை வெளியிலிருந்து ஒரு மானிட்டரை இணைத்து வேலை செய்யலாம் என்றும் சொன்னார். அப்பா உடனே பக்கத்து வீட்டு மானிட்டரைக் கேட்டு வாங்கக் கிளம்பிவிட்டார். சித்தப்பா தடுத்தார். கம்பெனி ரகசியமெல்லாம் அடுத்தவர் மானிட்டரில் தெரியக்கூடாதாம். மெஷினைப் பிரிக்கவும் கம்பெனி சம்மதிக்காதாம். தம்பியிடம் அத்தனை ரகசியம் இருப்பதில் அப்பாவுக்குப் பெருமைதான்.

கிளம்புகிற சமயத்தில் மெக்கானிக்கின் கண் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. இது என்ன என்று கேட்டார். பூஜைக்கு வைத்த சந்தனம் என்றார் சித்தப்பா. அந்த மனிதர் சுரண்டப்போன விரலை இழுத்துக்கொண்டு, அதைப் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம், அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள், எங்களுக்கு அதுதான் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊக்கைக் கொடுப்பேன், கதவுக்கு வெளியே காவல் இருப்பேன், முடிந்ததும் சந்தனம் அரைத்துக் கொடுப்பேன். குழந்தைக்கு இந்த வயசிலேயே என்ன பக்தி, தானே சந்தனம் அரைக்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெரிய உத்தியோகஸ்தர் இத்தனை பாடுபடுகிறாரே என்று அவரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தேன். வேலை திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

தீபாவளி கழிந்து இரண்டாம் நாள், இலையில் மோர் விழுகிற நேரத்தில், சித்தப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்.

"வேலை போயிடுத்து அண்ணா. குடுத்த நாளுக்குள்ள என்னால அனுப்ப முடியலை."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மெஷினால் வந்தது, அவன் என்ன பண்ணுவான் என்றார். அம்மா சரஸ்வதிமேல் குறைப்பட்டுக்கொண்டாள். நான் சாதத்தில் கையை வைத்தபடி அழத் தொடங்கினேன். ஊக்கு, சந்தனம், காவல் எல்லாம் செய்தும் கடைசியில் என் கையாலேயே சித்தப்பாவின் வேலையைத் தின்றுவிட்டேன் என்று தோன்றியது. முதல் ஐந்து நாளை நான் வீணாக்கியதால்தான் நாள் தவறிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். விக்கலெடுக்கும்வரை அழுதேன்.

"சித்தப்பாவுக்கு வேலை போயிடுத்தேன்னு கொழந்தை எப்படி அழறது பாருங்கோ," என்றாள் அம்மா. அப்பா எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார். அவர் அப்படிச் செய்து எனக்கு நினைவே இல்லை.

நான் எதற்கு அழுகிறேன் என்று அந்த இடத்தில் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். உன்னால் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மோர் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்து கையலம்பப் போனார். அடுத்த மாதமே சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அவருக்கு வேலை போனது ஆவணியிலேயே, ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே என்பதைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மா வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அதுவரை அந்தப் பாவத்தை நான் சுமந்தாகிவிட்டது. கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு குழந்தையை அப்படி அழவிட்டு மோர் சாதம் சாப்பிட ஒருவருக்கு எப்படி மனசு வந்தது என்று நெடுநாள் பொருமிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்காதவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தேன்.