முட்டைக்கோசுக்கு வழிவிட்டவர்

தெங் பாவ்ஷூ. பிறந்த ஆண்டு 1957. சாங்சோ நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்த காலம் 1981 முதல் 2017 வரை. விடிந்ததும் கால்வாய்க்கரைப் பூங்காவில் தம் தேநீர்க் குவளையைத் தரையில் வைக்கிறார். அதை ஒட்டிக் குதிகால்களைச் சேர்த்து நிற்கிறார். பின்னால் எவரேனும் வருகிறாரா என்று இருபுறமும் நோக்குகிறார். அதன் பிறகே முதல் அடவு புறப்படும்.

அவர் பயிலும் குத்துவரிசையில் அடவுகள் ஐந்து. எந்த அடவும் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். முதல் அடவில் கால் படிந்தவருக்கே இரண்டாவதைத் தருவார் ஆசிரியை மீ; பாவ்ஷூவைவிட இருபது வயதேனும் இளையவர். பாவ்ஷூ ஆறு ஆண்டுகளாக முதல் அடவிலேயே நிற்கிறார். ஆடி முடிக்கும்போது குவளை ஒரு முழம் தள்ளியே இருக்கும். எவரும் பாராதபோது கால் பெருவிரலால் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

முடிதிருத்தும் பியென் மட்டும் பார்த்துவிடுவார். "என்ன டிரைவரே, ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்க?"

"பயணிங்க நடந்து வரட்டும்யா. உடம்புக்கு நல்லது."

கேலி அவருக்குப் பெரிதில்லை. தமக்குப் பின் சேர்ந்த பியென் இரண்டாவது அடவுக்குப் போய்விட்டதைத்தான் பொறுக்க இயலவில்லை. ஆகவே பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஐந்தாவது அடவைத் தாமாகப் பிடித்துக்கொண்டார். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், இதற்குப் பிறகாவது இரண்டாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில், ஆசிரியை முன் ஆடியும் காட்டினார். பாய்ச்சலிலும் சுழற்சியிலும் குறை வைக்கவில்லை. முடித்துப் பார்த்தால், குவளை நான்கு முழத்துக்கு அப்பால் இருந்தது.

"அஞ்சாவதுல தப்பே இல்லண்ணே," என்றார் மீ. "முதலாவதுல இருக்கிற தப்புதான் இதுல நாலு தடவ வருது."

"எங்கேன்னு சொல்லுங்களேன், டீச்சர்!"

"திரும்பி வரும்போது இடது கால் எட்டு சுருங்குது. ஏன் சுருங்குதுன்னுதான் எனக்கும் புரியல."

காய்கறிப் பையோடு அவ்வழியே வந்த பாவ்ஷூவின் மனைவி சுய்பிங் நின்றார். "நான் சொல்றேன். வீட்டு நடைவழியிலதான இவர் பழகுறார்? குளிருக்குன்னு வருஷா வருஷம் அங்க முட்டைக்கோஸ் அடுக்குவேன். மிதிச்சா திட்டுவேன்னு காலை இழுத்துக்குவார். ஏங்க, இந்தப் பூங்காவுல எங்க இருக்கு முட்டைக்கோஸ்?"

பூங்காவே சிரித்தது. பியென் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாவ்ஷூ குவளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று முதல் நடைவழியில், மிச்சமிருந்த அடுக்கை நோக்கி இடது காலை முழுதாக எடுத்து வைத்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் முட்டைக்கோஸ் பூரணம் வைத்த கொழுக்கட்டைதான்.

"இன்னைக்கும் மிதிச்சீங்களா?"

"பயிற்சிம்மா."

"தின்னுங்க. அதுவும் பயிற்சிதான்."

அடுத்த ஞாயிறன்று முதல் அடவை ஆடி முடித்தார். பழக்கத்தில் பெருவிரல் குவளையைத் தேடி நீண்டது. குவளையோ குதிகாலை இடித்துக்கொண்டு நின்றது. பியென் குனிந்து குவளையைப் பார்த்தார்.

"வாங்கண்ணே, ரெண்டாவதுக்கு நில்லுங்க," என்றார் மீ.

பாவ்ஷூ உடனே நிற்கவில்லை. இடப்பக்கத்து வெறுந்தரையை நோக்கித் திரும்பி, வலக்கை முட்டியை இடது உள்ளங்கையில் பதித்து முறைப்படி ஒரு வணக்கம் வைத்தார். முட்டைக்கோசுக்கு அவர் கடைசியாக வழிவிட்டது முந்தைய ஞாயிறு, 2024 மார்ச் 17.