ஒரு இலைக்கு எத்தனை வாய்

1. பூட்டிய அலுமாரி

விஞ்ஞான ஆசிரியையாக மலைநாட்டு அட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பள்ளிக்கூட அதிபர் என்னை ஒரு கண்ணாடி அலுமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே, கண்ணுக்கு எட்டாததைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு நுணுக்குக்காட்டி. யாரும் தொடாத பளபளப்பு. அலுமாரியில் பூட்டு.

"சாவி யார்கிட்டங்க சார் இருக்கு?"

"என்னட்டைத்தான். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுற சாமான், பிள்ளை, இது. பெடியள் உடைச்சுப்போட்டால் கல்விக் கந்தோருக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

யாழ்ப்பாணத்துக்காரர், சரித்திரம் படித்தவர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

எனக்கோ கேட்டு வாங்கியே பழக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தோடு முடிந்திருக்க வேண்டிய படிப்பை, மேலே எங்கே படிக்கலாம் என்று கண்டவரிடமெல்லாம் கேட்டுத்தான் நீட்டித்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு நுணுக்குக்காட்டிக்கு நான்கு மாணவர்கள். சனிக்கிழமையும் வரட்டுமா என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். கண்ணாடித் தகடுகளைக் கழுவி வைப்பதானால் வரலாம் என்றார். படிப்பு முடியும்வரை கழுவினேன். அப்படி ஒரு சனிக்கிழமைதான் தேயிலை இலையின் அடித்தோலை உரித்து வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து பறிப்பவள்.

இப்போது அதிபரை விடாமல் கேட்டேன். கடைசியில், தான் பக்கத்தில் நிற்பதானால் வகுப்பில் காட்டலாம் என்று இறங்கி வந்தார். அதோடு நான் நிறுத்தவில்லை.

"சார், ஒரு ஞாயித்துக்கிழமை இதை எங்க தோட்டத்துக்குக் கொண்டுபோகட்டுங்களா?"

"தோட்டத்துக்கோ? பஸ்ஸிலையோ?" நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். போய் அலுமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "அப்ப நானும் வாறன்."

2. மூடுபனி

பஸ்ஸில் பெட்டி அவர் மடியில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

லயத்து வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு நுணுக்குக்காட்டியை வைத்தேன். பக்கத்து லயத்து ஆட்களும் வந்து கூடிவிட்டார்கள். இலையை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தகட்டில் வைத்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. அடியிலிருக்கும் கண்ணாடி வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பினால்தான் எதுவும் தெரியும். வெளிச்சமே இல்லை.

முதலில் குனிந்து பார்த்தவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணி. "என்னங்க டீச்சர், ஒரே இருட்டா இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு. துணி துவைக்க, விறகு பொறுக்க என்று ஒவ்வொருவராக நகர ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, வெளிக்கும்," என்றார் அதிபர். வந்ததிலிருந்து எங்கள் ஆட்களோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவர்களும் ஒரு மரியாதைக்கு நின்றார்கள்.

பனி விலகியது. கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடித்தேன்.

"அம்மா, வாங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னாடி இது, வாய் வாயா இருக்கு?"

"இலைவாயின்னுதாம்மா அதுக்குப் பேரு. அது வழியாத்தான் இலை மூச்சு விடுது."

"ஒரு எலைக்கே இம்புட்டா?"

"இது ஒரு துளித் தோலும்மா. முழு இலைக்கு எண்ணி முடியாது."

அம்மா நிமிர்ந்து, எதிரே உச்சிவரை ஏறிக்கிடந்த தேயிலையைப் பார்த்தாள்.

"அப்ப இந்த மலை பூரா மூச்சு விடுதுன்னு சொல்லு," என்றாள், மெதுவாக.

பட்டம் வாங்கிய நான் ஓர் இலையோடு நின்றிருந்தேன், அம்மா மலையையே பார்த்துவிட்டாள்.

பிறகு ஆட்கள் வரிசை கட்டினார்கள். பார்த்தவர்கள் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போய், திரும்ப வரிசையின் கடைசியில் நின்றார்கள். அந்த வரிசையில் அதிபரும் நின்றிருந்தார்.

"நானும் ஒருக்காப் பார்க்கட்டோ பிள்ளை? இத்தனை வருசமாப் பூட்டி வைச்சிருந்தன், ஒருநாளும் பார்க்கயில்லை."

திங்கட்கிழமை சாவியை என் கையில் தந்தார்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிடைத்ததோடு நிற்காதீர்கள், இன்னும் கேளுங்கள். நான் அதுவரை கேட்டதெல்லாம் என் படிப்புக்காக, என் வேலைக்காக. முதல்முறையாக அம்மாவுக்காக, எங்கள் லயத்துக்காகக் கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். என் உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.