பிராதில் நான் எழுதிய பெயர்

வலது கையைக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி விருத்தாசலம் ஜங்ஷனில் நான் இறங்கியது போன வருடம் ஆனி மாதம். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு வைத்துத் திருகியிருந்தார்கள். "எலும்பு சேந்துடும். ஆனா ஸ்டியரிங் புடிக்கிற அளவுக்குக் கை திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கார் பந்தய ஓட்டுநர். கை திரும்பாவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? ரயில்வே மேம்பாலத்தில் ஆட்டோ ஏறும்போது அழுதேன். வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

முருகனை நம்புகிற எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் கொளஞ்சிநாதன். மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக இருக்கும் முருகனிடம் வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் வைத்த பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கொளஞ்சி இருப்பார்கள். அந்த நாலில் ஒருவன் பந்தயக் கார் ஓட்டுவான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், நான் உட்பட.

அப்பாவுக்கு விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சின்ன யூனிட். பீங்கான் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி மினி லாரியில் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. எவ்வளவு வைக்கோல் வைத்தாலும் ஒரு பள்ளத்தில் அலட்சியமாக இறக்கினால் பத்து பொம்மைக்குக் கழுத்து போய்விடும். நான் வேகமாகவும் போவேன், உடைக்கவும் மாட்டேன். இதைக் கவனித்தவர் மங்கலம்பேட்டை சாதிக் பாய். துபாயில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்து, சென்னையில் ஒரு ரேஸ் டீமில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒருநாள் பஸ் கிடைக்காமல் என் வண்டியில் ஏறினார். இறங்கும்போது, "ஏம்பா, புதுசா ஓட்டுறவங்களுக்கு செலக்‌ஷன் வெக்கிறாங்க. வரியா?" என்று கேட்டார். எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வருடம் எல்லாப் பந்தயத்திலும் கடைசி. இரண்டாம் வருடம் ஒரு மூன்றாம் இடம். அதற்கடுத்த வருடம் இரண்டு பந்தயம் ஜெயித்தேன். எங்கள் ஊர்ப் பாலக்கரையில் என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தலைகால் புரியாமல் திரிந்தேன். மறு வருடமே ஸ்பான்சர் விலகிக்கொண்டார், எனக்குக் கார் இல்லை. ஃப்ளெக்ஸில் இருந்த அதே முகம் ஒரு வருடம் ஸ்டேஷன் வாசலில் நின்று "நெய்வேலியா சார், வாங்க சார்" என்று டாக்ஸிக்கு ஆள் கூப்பிட்டது. என்னை மறுபடியும் டீமுக்குள் கொண்டுவந்தவரும் சாதிக் பாய்தான். அவர் டீம் மேனேஜரிடம் நடையாய் நடந்தார். போன வருடம் எனக்கு முப்பத்தொரு வயது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதல் இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்று கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ட்ராக்கை ஆறாவது தடவை சுற்றும்போது, நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு பிரேக் பிடித்தபோது, முன் இடது சக்கரம் மடிந்து பிய்த்துக்கொண்டு போனது. கார் என் பேச்சைக் கேட்கவில்லை. டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் போய் மோதியது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்த டீம் மேனேஜர், "முந்தைய நாள் ப்ராக்டிஸ்ல கார் எங்கேயாவது அடிபட்டுதா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார். சக்கரத்தைச் சரியா மாட்டல" என்றேன். காரின் முன்பக்கம் நொறுங்கிப் போயிருந்ததால் எதையும் சோதித்துச் சொல்ல முடியவில்லை. என் வார்த்தைதான் மிஞ்சியது. சக்கரம் மாட்டுவது சாதிக் பாயின் பொறுப்பு. அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். மனதில் குற்றம் இருப்பவன்தான் பேசாமல் இருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எப்போதுமே முன்கோபம் அதிகம்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நமக்கு ஒருவர் அநியாயம் செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுபோல, பேர், ஊர், குறை எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி முருகனிடம் கொடுக்க வேண்டும். சந்நிதியில் வைத்து விபூதியோடு மடித்துத் தருவார்கள். அதைக் கொண்டுபோய் முனியப்பர் முன்னாலிருக்கும் வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று நாளோ, மூன்று வாரமோ, மூன்று மாதமோ, அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. வந்ததும் நாமே போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு அங்கே ராஜினாமா என்று பெயர். எங்கள் ஊரில் யாரும் இதை விளையாட்டாகச் செய்ய மாட்டார்கள்.

ஆடி முதல் செவ்வாய் அன்று என் மனைவி அமுதாவோடு போனேன். "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். பழக்கமில்லாத இடது கையால், கோணல் மாணலாக, நானே எழுதினேன். "மங்கலம்பேட்டை சாதிக் என் கையைக் கெடுத்தான். என் பிழைப்பைக் கெடுத்தான். நீயே விசாரித்து, அவன் கைக்கும் இதே கதியைக் கொடு." எழுதி முடித்ததும் மனசு லேசானது. இப்போது இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று லேசானது என்பதுதான் உண்மை.

மூன்று நாள் போனது, மூன்று வாரம் போனது. கட்டைப் பிரித்தார்கள். கை கதவின் தாழ்ப்பாளைக்கூடத் திருப்பவில்லை. தினமும் பயிற்சி செய்தேன், தினமும் எரிந்து விழுந்தேன். சட்டைப் பொத்தானை அமுதாதான் போட்டுவிட்டாள். "அவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலியே முருகா" என்று கும்பிட்டேன். என் கை குணமாக வேண்டும் என்று கும்பிட்டதைவிட அதைத்தான் அதிகம் கும்பிட்டேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. யூனிட்டில் அப்பா மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அமுதா பரண்மேல் கிடந்த என் பையை இறக்கினாள். விபத்துக்குப் பிறகு டீமிலிருந்து அனுப்பிய பை. அதைப் பார்க்கவே பிடிக்காமல் நான் தொடாமல் போட்டிருந்தேன். "உங்க ஆயுதம் இதுதான? இதுக்கும் பொட்டு வெக்கணும்ல" என்று ஹெல்மெட்டைத் துடைத்தாள். பிறகு கையுறையை உதறினாள். உள்ளே இருந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய சின்ன மெமரி கார்டு விழுந்தது. டேப்பின்மேல் பேனாவால் 'சனி' என்று எழுதியிருந்தது. சாதிக் பாய் கையெழுத்து.

பந்தயக் காருக்குள் ஒரு கேமரா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதிவானது விபத்தில் காரோடு போய்விட்டது. இது முந்தைய நாள் ப்ராக்டிஸ். அமுதா தன் போனில் போட்டாள். பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

ட்ராக்கின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய மேடு இருக்கும். கெர்ப் என்போம். மூன்றாவது வளைவில் நான் அதன்மேல் முன் இடது சக்கரத்தை முழு வேகத்தில் ஏற்றி இறக்குகிறேன். படமே எகிறிக் குதிக்கிறது. பிறகு கார் மெக்கானிக்குகள் இருக்கும் பிட்டுக்குள் வந்து நிற்கிறது. இன்ஜின் அணைகிறது. சாதிக் பாயின் தலை உள்ளே எட்டிப் பார்க்கிறது.

"எங்கனா அடிச்சியா தம்பி?"

"இல்ல பாய்."

"நெஜமா? கழட்டிப் பாத்துடட்டா?"

"சொல்றன்ல, ஒண்ணும் இல்ல. வண்டி சூப்பரா இருக்குது. கழட்டுனா குவாலிஃபையிங் போயிடும். டயரை மட்டும் பாருங்க."

என் குரல்தான். கெர்ப்பில் அடித்தால் உடனே மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அவர் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் கம்பியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும், பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று முடிவுசெய்யும் குவாலிஃபையிங் ஓட்டம் அதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன். விபத்தில் அதை மறந்தே போனேனா, மறந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா, இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமுதா போனை அணைத்தாள். "பிராதுல யாரு பேரை எழுதுனீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. கையில் இருந்த குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி விசாரிச்சிட்டாருங்க. மூணு மாசம் முடியறதுக்குள்ள ஆளைக் கண்டுபுடிச்சி வூட்டுக்கே கொண்டாந்து காட்டிட்டாரு. நீங்கதான் பேரைத் தப்பா எழுதிட்டீங்க."

மூன்று மாதக் கெடுவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பாக்கி. நான் கேட்டது என்ன? அவர் கைக்கும் இதே கதி. பிராது அந்த வேலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சாதிக் பாய் கையை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளோடு பிழைக்கிறார். பூஜையை அப்படியே விட்டுவிட்டு அமுதாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மணவாளநல்லூர் போனேன். ராஜினாமா எழுதும் இடத்தில் இருந்தவர், "காரியம் ஆயிடுச்சிங்களா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "ஆயிடுச்சிங்க" என்றேன். பிறகு சந்நிதிக்குப் போய் நின்றேன். "என் பேச்சைக் கேட்காதே முருகா. அந்த மனுஷன் கையை விட்டுடு. என் கை போனால் போகட்டும்." கொளஞ்சியப்பர் முன்னால் நான் வாய்விட்டு வேண்டியது இதுதான். அத்தனை வருடத்தில் எனக்காக இல்லாமல் வேண்டியது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து நேராக மங்கலம்பேட்டை. கடைவீதியைத் தாண்டி ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் கிரீஸ் பூசிக்கொண்டு முழுசாக இருந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிராதில் எழுதியதையும் சேர்த்து.

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க ஊரு ஆளுங்களே அந்தக் கோயில்ல பிராது கட்டுவாங்க. அதனால எனக்கு அந்தச் சாமி மேல பயம் இல்ல" என்றார் கடைசியில். "உன் மேலதான் கோவம். நாலு மாசம். ஒரு போன் பண்ணிக் கேக்கலியே நீ."

"ஏன் பாய் அன்னிக்கே இதைக் காட்டல?"

"உன்னைக் காப்பாத்தன்னு நெனைக்காத. நானும் அன்னிக்குக் கழட்டிப் பாத்திருக்கணும். நீ இல்லன்னதும் விட்டுட்டேன். என் தப்பும் அதுல இருக்குது. அதான் வாய் வரல. கார்டு உன்னோடது, உன்கிட்ட இருக்கட்டும்னு வெச்சேன். நீ பாப்பன்னு நெனச்சேன்." பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வலித்தது. சொல்லவில்லை.

மறுநாளே சென்னைக்குப் போய் டீம் மேனேஜரிடம் கார்டைக் கொடுத்தேன். அமுதாவும் அப்பாவும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதிக் பாயை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். என்னைப் பந்தயத்திலிருந்து ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். நியாயம்தான். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. மறுபடி டாக்ஸி ஓட்டுகிறேன். ஆம், ஓட்டுகிறேன். தை மாதத்திலிருந்து கை திரும்ப ஆரம்பித்தது. டாக்டர் பயிற்சியால் என்கிறார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நான் மணவாளநல்லூரில் நின்று விட்டுக்கொடுத்த கை இது என்பதால், திரும்பக் கொடுத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜெயித்துவிட்டு வந்து எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். டீம் என்னைத் திரும்பக் கூப்பிடுமா என்று தெரியாது. கூப்பிட்டால் சந்தோஷம். கூப்பிடாவிட்டாலும் என் வேண்டுதல் நிறைவேறிவிட்டது. விசாரித்துச் சொல் என்று கேட்டேன், விசாரித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் சாதிக் பாய் ஊருக்கு வந்தால் ஜங்ஷனிலிருந்து மங்கலம்பேட்டைக்கு என் வண்டியில்தான் போகிறார். பின் சீட்டில் உட்காருவதில்லை.

உங்களுக்கும் யாரோ அநியாயம் செய்திருக்கலாம். தாராளமாகப் போய்ப் பிராது கட்டுங்கள். கொளஞ்சியப்பர் கைவிட மாட்டார். நடந்ததை எழுதுங்கள், வலிக்கிற இடத்தை எழுதுங்கள். யார் செய்தது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் காட்டும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பையும் கூடவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது தேவைப்பட்டது.