வெளியே நிற்கும் ஃபிரிட்ஜ்

இங்கிலாந்தின் இந்தக் கிராமத்தில், வேண்டாத சாமானை வாசலில் வைத்துவிடுவார்கள்; தேவைப்பட்டவர் எடுத்துப் போகலாம். வந்து பல வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இன்று முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாவின் வாசலில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. 'நன்றாக வேலை செய்கிறது' என்று மட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். புதுச் சமையலறையின் நிறத்துக்கு அது பொருந்தவில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். இலங்கையில் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா செல்வி கொழுந்து பறிக்கிறார். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அத்தான் இறந்துவிட்டார், மகள் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். போன முறை லீவில் போனபோது ஆசையாய் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். முதல் கரண்ட் பில்லைப் பார்த்ததுமே அக்கா வயரைக் கழற்றிவிட்டார். ஆனாலும் அது வீணாகவில்லை. அவர்கள் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எலித்தொல்லை; சாக்கைக் கடித்து அரிசியைக் காலி செய்துவிடும். அக்கா அரிசியையும் மாவையும் மகளின் புத்தகங்களையும் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழைகளுக்கான அரசாங்க நிவாரணத்துக்காக வீடு பார்க்க ஆள் வருகிறார் என்றதும், லயத்தில் விவரம் தெரிந்தவர்கள் டிவியைச் சேலையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். அக்காவோ தரையைக் கழுவி, ஃபிரிட்ஜைத் துடைத்து, அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து வைத்தார்.

"ஃபிரிட்ஜ் எகக் தியெனவனே," என்றாராம் வந்தவர். ஃபிரிட்ஜ் இருக்கிறதே! உள்ளே அரிசிதான் இருக்கிறது ஐயா என்று அக்கா நல்ல சிங்களத்தில் சொல்லிக் கதவைத் திறந்தே காட்டினார். அரிசி இருக்கிற வீடு ஏழை வீடா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அந்த மனிதர். நிவாரணம் நின்றது. அதோடு மகளின் டியூஷனும் நின்றது.

"வெளிய எங்கயாவது ஒளிச்சு வைக்க வேண்டியதுதானே அக்கா?" என்று போனில் கத்தினேன்.

"வீட்டுக்கு ஒரு மனுசர் வர்றாரு. அலங்கோலமாவா போட்டு வைக்கிறது? நாங்க என்ன அப்படிப்பட்ட ஆளுங்களா தம்பி?"

என் கோபம் அக்கா மேல் இல்லை. ஏழை என்றால் அழுக்காகவும் இருந்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறதே, அந்தக் கண்ணின் மேல். ஒழுகும் தகரம் அதற்குத் தெரியவில்லை. இரண்டு பேர் படுத்தாலே கால் நீட்ட இடமில்லாத அறை தெரியவில்லை. துடைத்து வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் உறுத்துகிறது.

நான் நிற்பதைப் பார்த்து மார்கரெட் வெளியே வந்தார். "வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது ஏழை மாவட்டம், ஒருவருக்கொருவர் உதவத்தானே வேண்டும்," என்றார், தன் காரில் சாய்ந்தபடி. பஸ் குறைந்துவிட்டது, வருமானம் போதவில்லை என்று அவர் புலம்பாத நாளில்லை.

"எங்கள் ஊரில் வீட்டில் இது இருந்தால் ஏழை இல்லை," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்படியா! எவ்வளவு நல்ல ஊர்," என்று மனதார மகிழ்ந்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா மேன்முறையீடு செய்திருக்கிறார். நாளை மறுபடி பார்க்க வருகிறார்களாம். போனை எடுத்தால் அக்கா மகள் படம் அனுப்பியிருந்தாள். லயத்துக்குப் பின்னால், கக்கூஸ் சுவரோரம், கொட்டும் மழையில் நிற்கிறது ஃபிரிட்ஜ். அரிசி மறுபடி சாக்குக்குப் போய்விட்டது. கூடவே அக்காவின் குரல்பதிவு: "நீ சொன்ன மாதிரியே வெளிய வச்சிட்டேன் தம்பி. இப்ப நாங்க ஏழைதானே?"

இங்கேயும் தூறத் தொடங்கியது. என் மழைக்கோட்டைக் கழற்றி மார்கரெட்டின் ஃபிரிட்ஜின் மேல் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே அதன் பக்கத்தில் நின்றேன்.